நிற்கத் தெரிந்த சிற்றுயிர்

ஆராய்ச்சி மாணவனாக இந்த வட இந்திய நகரத்துக்கு நான் புறப்பட்ட அன்று, நாகர்கோவில் இரயில் நிலையத்தில் என் தந்தையார் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏ மக்கா, ஆப்பமாவுல போடுற ஈஸ்ட்டப் படிக்கவா இவ்வளவு தூரம் போற?"

அவர் கேலி செய்யவில்லை. பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எதையும் வரவு, செலவு என்ற கணக்கில் வைத்துப் பார்ப்பவர். மகன் ஐந்தாறு ஆண்டுகளைச் செலவிடப் போகிறான். வரவு என்ன என்று அறிய விரும்பினார். வண்டி நகரத் தொடங்கிவிட்டதால் நான் கையை மட்டும் அசைத்துவிட்டு வந்துவிட்டேன். நம் மன்ற மலருக்கு ஓர் அறிவியல் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, அந்தப் பழைய கேள்விக்கு விடை எழுதினால் என்ன என்று தோன்றியது. பொருளாதாரம் பயிலும் அன்பர்களும் இலக்கியம் பயிலும் அன்பர்களும் அஞ்ச வேண்டா. ஒரு கடைக்காரருக்கு விளங்கும்படி சொல்வதே என் நோக்கம்.

ஒரு பிழையும் ஒரு பாடமும்

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் சேர்ந்த சில வாரங்களில் நிகழ்ந்தது அது. கண்ணாடிக் குடுவையில் ஊட்டநீர் ஊற்றி, அதில் ஈஸ்ட்டை இட்டு, ஆட்டும் பெட்டியில் 30 பாகை வெப்பத்தில் வளர்க்க வேண்டும். ஈஸ்ட்டுக்கு உகந்த வெப்பம் அது. நான் கவனக்குறைவால் பொறியை 42 பாகையில் வைத்துவிட்டு விடுதிக்கு உணவு உண்ணப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, கலங்கல் எவ்வளவு என்று அளந்து பார்த்தேன். உயிரணுக்கள் பெருகப் பெருக நீர் கலங்கும். அந்தக் கலங்கலை அளப்பதே வளர்ச்சியை அறியும் எளிய வழி. புறப்படும்போது 0.4 இருந்தது, ஏறத்தாழ 1 ஆகியிருக்க வேண்டும். 0.5-ஐக் கூடத் தொடவில்லை.

குறிப்பேட்டில் மையால் எழுதினேன்: "வெப்ப மிகுதியால் உயிரணுக்கள் இறந்துவிட்டன." குடுவையைக் கொட்டுவதற்குத் தூக்கினேன். எங்கள் பேராசிரியை அப்போது அங்கே வந்தார். குறிப்பேட்டைப் படித்தவர், "இறந்துவிட்டன என்று எப்படித் தெரியும்? வளரவில்லை என்றல்லவா நீ அளந்தாய்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. குடுவையை மீண்டும் 30 பாகையில் வைக்கச் சொன்னார். மூன்று மணி நேரத்தில் கலங்கல் இரட்டிப்பாயிற்று. அவை இறக்கவில்லை. நின்றிருந்தன. நான் எழுதிய வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோடு போட்ட வரி இன்றும் என் குறிப்பேட்டின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

நிற்பது எப்படி? யார் நிறுத்தினார்? மீண்டும் தொடங்கச் சொன்னவர் யார்? இக்கேள்விகளே என் ஆராய்ச்சியின் பொருளாயின.

சிற்றுயிரின் பெருந்தொழிற்சாலை

ஈஸ்ட் ஒரு காளான் இனம். ஒவ்வோர் உயிரும் ஒரே உயிரணு. குறுக்களவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. நம் உடலின் உயிரணுவைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு. அதன் மரபுச் செய்தி முழுவதும் 1996-இல் படித்து முடிக்கப்பட்டது. உட்கரு உள்ள உயிர்களில் முதன்முதலாக முழுமையும் படிக்கப்பெற்றது அதுவே. ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் 16 நிறப்புரிகளில் அடங்கியிருக்கின்றன.

மரபணு என்பது ஒரு செய்முறைக் குறிப்பு. குறிப்பு உட்கருவிலேயே இருக்கும். அதன் படி மட்டும் வெளியே வரும். அந்தப் படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அந்தப் படியைப் படித்துப் புரதத்தைக் கோத்துத் தரும் பொறியே ரைபோசோம். புரதத்தின் மணிகள் அமினோ அமிலங்கள். ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் சுமந்து வந்து ரைபோசோமிடம் சேர்ப்பது கடத்து ஆர்.என்.ஏ. இவ்வளவு தெரிந்தால் மேலே செல்லப் போதும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். நல்ல உணவில் ஈஸ்ட் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகப் பிரியும். அப்படி வளரும் ஓர் உயிரணுவில் ஏறக்குறைய 2,00,000 ரைபோசோம்கள் இருக்கின்றன. எனவே, பிரிவதற்குள் இன்னும் 2,00,000 செய்தாக வேண்டும், நிமிடத்துக்கு 2,000! நியூயார்க்கைச் சேர்ந்த ஜோனதன் வார்னர் 1999-இல் இக்கணக்கை எழுதிக் காட்டினார். உயிரணு எழுதும் ஆர்.என்.ஏ. அனைத்திலும் ஐந்தில் மூன்று பங்கு ரைபோசோமின் உறுப்பாவதற்கே செலவாகிறது என்றும் அவர் சொன்னார். அதற்கு மேல், ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் சங்கிலியில் சேர்க்கக் குறைந்தது நான்கு உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் உடைய வேண்டும். சில நூறு மணிகள் கொண்ட ஒரு புரதத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதை வாசகர்களே பெருக்கிக் கொள்ளலாம்.

ஆகவே, ஈஸ்ட்டின் வரவு செலவில் புரதம் செய்வதே பெருஞ்செலவு. வரவு குறைந்த நாளில் அறிவுள்ள எந்தக் குடும்பமும் முதலில் பெருஞ்செலவையே குறைக்கும். காட்டில் பழத்தின் மேல் வாழும் ஈஸ்ட்டுக்கு இத்தகைய நாட்கள் அடிக்கடி வரும். வெயில் ஏறும், சருக்கரை தீரும், தோல் காயும்போது உப்பும் சருக்கரையும் செறியும். ஓடி ஒளியக் காலில்லை. எனவே இருந்த இடத்திலேயே தன்னை மாற்றிக் கொள்ளும் கலையில் அது தேர்ந்திருக்கிறது.

மரபணுவைப் படியெடுப்பதை நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. முன்பே எடுத்த படிகள் சில நிமிடங்களிலிருந்து பல நிமிடங்கள் வரை வாழும். அவற்றை ரைபோசோம்கள் படித்துக் கொண்டே இருக்கும். உடனே நிற்க வேண்டுமானால், ரைபோசோம் ஒரு படியில் ஏறும் அந்தத் தொடக்கத்தையே தடுக்க வேண்டும். ஈஸ்ட் செய்வது அதைத்தான்.

மலைத்தொடர் சாய்ந்த கதை

இதை எப்படிக் கண்ணால் காண்பது? ஒரு தூது ஆர்.என்.ஏ.யின் மேல் ஒரே சமயத்தில் பல ரைபோசோம்கள் வரிசையாக ஊர்ந்து செல்லும். வார்னரும் அவருடைய தோழர்களும் 1963-இல் முயலின் இரத்த உயிரணுக்களில் இதைக் கண்டு சொன்னார்கள். இந்த வரிசைக்குப் பாலிசோம் என்று பெயர். ஸைக்ளோஹெக்ஸிமைடு என்னும் மருந்தை இட்டால் ரைபோசோம்கள் இருந்த இடத்தில் உறைந்து நிற்கும். பின்பு உயிரணுக்களை உடைத்து, மேலே நீர்த்தும் அடியில் செறிந்தும் உள்ள சருக்கரைக் கரைசலின் மேல் ஊற்றி, மீவிரைவுச் சுழற்பொறியில் சுற்ற வேண்டும். பாரம் மிக்கவை அடியிலும் இலேசானவை மேலேயும் நிற்கும். கரைசலை மெல்ல வெளியே இழுத்து, புற ஊதா ஒளியைச் செலுத்தி வரைபடம் எடுக்கலாம்.

நான் எடுத்த முதல் வரைபடத்தைக் கண்டதும் எனக்கு ஊர் நினைவு வந்தது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் வடக்கே தெரியும் மலைத்தொடர் போலவே அது இருந்தது: இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ரைபோசோம்கள் கொண்ட வரிசைகள் ஒவ்வொன்றும் ஒரு முகடு. அடுத்த முறை, அளக்கும் முன்னர்ச் சில நிமிடம் சருக்கரையை நீக்கினேன். மலைத்தொடர் மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, வேலையின்றி நிற்கும் ஒற்றை ரைபோசோம்களைக் குறிக்கும் ஒரே ஒரு கூரிய கொடுமுடி மட்டும் நின்றது. சருக்கரையை நீக்கிய ஓரிரு நிமிடங்களுக்குள் ஈஸ்ட் புரதத் தொடக்கத்தை நிறுத்திவிடும் என்பதையும், திரும்பத் தந்தால் விரைவில் தொடங்கிவிடும் என்பதையும் ஆஷ், டி லாங், சாக்ஸ் என்னும் மூவர் 2000-இல் காட்டியிருந்தார்கள். நூலில் படித்தது வேறு. என் கையால் மலையைச் சாய்த்து, சருக்கரை இட்டு மீண்டும் எழுப்பியது வேறு. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

புயல் நாளில் கடை

நிறுத்துவது பாதிக் கதைதான். முழுவதும் நிறுத்திவிட்டால் இடரைச் சமாளிக்கும் பொருள்களை யார் செய்வது? இங்கே என் தந்தையாரின் கடையையே உவமையாகச் சொல்கிறேன்.

2017 நவம்பர் மாத இறுதியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. மின்சாரம் போயிற்று. தந்தையார் கடையின் இரும்புக் கதவை இழுத்துவிட்டார். ஆனால் முழுதும் மூடவில்லை. ஒரு முழ உயரம் திறந்து வைத்தார். அந்த இடைவெளி வழியாக மெழுகுவத்தி, தீப்பெட்டி, அரிசி, பால்மாவு ஆகியவை மட்டும் வெளியே சென்றன. சோப்பும் ஊறுகாயும் கேட்டவர்களை, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஈஸ்ட்டும் இவ்வாறே பொதுவியாபாரத்தை நிறுத்தி, அவசரச் சரக்கை மட்டும் விற்கிறது.

அமினோ அமிலப் பஞ்சத்தில் இது நடைபெறும் விதத்தைக் காண்போம். புரதம் தொடங்கும் இடத்தில் முதல் மணியைச் சுமந்து வருவது தொடக்கக் காரணி 2 என்னும் புரதம். இதை ஒரு திறவுகோல் என்று கொள்வோம். இது மூன்று பாஸ்பேட்டுகள் கொண்ட குவனோசினைப் பற்றியிருந்தால்தான் வேலை செய்யும். ஒருமுறை தொடங்கிவைத்ததும் ஒரு பாஸ்பேட் கழன்று, திறவுகோல் செல்லாததாகிவிடும். அதைப் புதுப்பித்துத் தருவதற்குத் தொடக்கக் காரணி 2-பி என்னும் வேறொரு புரதம் இருக்கிறது. இவர்தாம் திறவுகோல் பழுது பார்க்கும் கொல்லர். கொல்லர்கள் சிலர், திறவுகோல்கள் பல.

பஞ்சத்தை அறிவது யார்? ஜி.சி.என்.2 என்னும் நொதி. சரக்குக் கிடங்கில் சரக்கு இல்லையென்றால் தள்ளுவண்டிகள் வெறுமையாக நிற்கும் அல்லவா? அவ்வாறே அமினோ அமிலம் இல்லாத போது கடத்து ஆர்.என்.ஏ.க்கள் சுமையின்றித் திரியும். அந்த வெறும் வண்டி வந்து பற்றிக்கொண்டதும் ஜி.சி.என்.2 விழித்தெழுகிறது. எழுந்து, திறவுகோலின் ஒரு பகுதியில் 51-ஆம் இடத்திலுள்ள ஸெரீன் என்னும் அமினோ அமிலத்தின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவைக்கிறது. ஒட்டப்பெற்ற திறவுகோல் கொல்லரைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. கொல்லர்கள் சிலரே ஆதலால், சில திறவுகோல்கள் ஒட்டப்பட்டாலே போதும். பட்டறை முழுவதும் மந்தமாகிவிடும். உயிரணு எங்கும் புதிய தொடக்கம் குறைந்துவிடுகிறது. இரும்புக் கதவு இறங்கியது.

இனி அந்த ஒரு முழ இடைவெளியைக் காண்போம். இது மிக அழகியது. நான் முதன்முதல் படித்தபோது மும்முறை திரும்பப் படித்தேன்.

ஐந்து வீடுகள் உள்ள தெரு

பஞ்சத்தில் தேவைப்படும் ஒரு புரதம் ஜி.சி.என்.4. இது அமினோ அமிலங்களை உயிரணு தானே செய்துகொள்ளும் வழிகளைத் திறந்துவிடும் தலைவர். இதன் ஆணையால் 500-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஊக்கம் பெறுகின்றன. மொத்தத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு.

இதன் தூது ஆர்.என்.ஏ. ஒரு விசித்திரமான தெரு. உண்மைச் செய்தி தொடங்கும் முன்னே, நான்கு குட்டிச் செய்திகள் இருக்கின்றன. ஆக, தெருவில் ஐந்து வீடுகள்; கடைசி வீடே ஜி.சி.என்.4. ரைபோசோமின் சிறு பாதி தெருவின் தலைப்பில் ஏறி நடந்து வருகிறது. கையில் திறவுகோல் இருந்தால்தான் ஒரு வீட்டின் கதவு அதன் கண்ணுக்குத் தெரியும். முதல் வீட்டில் நுழைகிறது. திறவுகோல் அங்கே செலவாகிவிடுகிறது. ஆயினும் முதல் வீடு நல்ல வீடு. வெளியே வந்த சிறு பாதியைத் தெருவிலேயே நடக்கவிடுகிறது. நான்காம் வீடோ பொல்லாத வீடு. அதில் நுழைந்து வெளிவருவோர் தெருவை விட்டே விழுந்துவிடுவர்.

வளமான காலத்தில் என்ன ஆகும்? திறவுகோல்கள் மலிந்திருக்கும். முதல் வீட்டை விட்டு வெளிவந்தவர்க்குச் சில அடிகளிலேயே புதிய திறவுகோல் கிடைத்துவிடும். நான்காம் வீட்டில் நுழைவர், விழுவர். ஐந்தாம் வீட்டை அடைபவர் மிகச் சிலரே. ஜி.சி.என்.4 உண்டாவதில்லை.

பஞ்ச காலத்தில்? திறவுகோல் அரிதாகிவிட்டது. முதல் வீட்டை விட்டு வந்தவர் வெறுங்கையுடன் நடக்கிறார். நான்காம் வீடு கண்ணுக்குத் தெரியாமலேயே கடந்து போய்விடுகிறது. அதற்கும் ஐந்தாம் வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவில் எங்கேனும் ஒரு திறவுகோல் கிடைக்கிறது. நுழைவது ஐந்தாம் வீட்டில்! எங்கும் வேலையைக் குறைக்கும் அதே தட்டுப்பாடு இந்த ஓரிடத்தில் மட்டும் வேலையைக் கூட்டுகிறது.

அமெரிக்க நாட்டுத் தேசிய நலவாழ்வு நிலையத்தில் ஆலன் ஹின்னபுஷ் என்பவரும் அவருடைய குழுவினரும் 1980-களிலிருந்து இந்தத் தெருவின் ஒவ்வொரு வீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து இதை விளக்கினார்கள். நான்கு வீடுகளில் முதலாவதும் நான்காவதும் மட்டும் இருந்தாலே பெரும்பாலும் போதும் என்றும் கண்டார்கள். ஜி.சி.என்.2 தான் பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்பது 1992-இல் தெளிவாயிற்று. 2009-இல் ரைபோசோம் மறைத்துக்கொண்டிருக்கும் ஆர்.என்.ஏ. துண்டுகளையெல்லாம் ஒருங்கே படிக்கும் முறை வெளிவந்தது. அதை முதன்முதல் கையாண்டதும் பட்டினி கிடந்த ஈஸ்ட்டிடமே.

இதை நீங்களே நம்பும்படி ஒரு சோதனை இருக்கிறது. ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைச் செய்யும் ஒரு நொதியைத் தடுக்கும் மருந்து அமினோடிரையஸோல். அது கலந்த தட்டில் சாதாரண ஈஸ்ட் மெல்லவேனும் வளரும். ஜி.சி.என்.2 நீக்கப்பட்ட ஈஸ்ட்டை அருகிலேயே இடுங்கள், வளராது. பஞ்சத்தை அறியும் கண் இல்லாததால், செய்துகொள்ளும் ஆற்றல் கையில் இருந்தும் அது பயன்படுத்தவில்லை.

வெப்பத்தில் வேறு முறை

சருக்கரைத் தட்டுப்பாட்டில் ஜி.சி.என்.2 இல்லாமலே நிறுத்தம் நடைபெறுகிறது. அப்போது தூது ஆர்.என்.ஏ.யின் சுருக்கங்களைப் பிரித்து வழிசெய்யும் தொடக்கக் காரணி 4-ஏ தன் இடத்தை விட்டு விலகிவிடுகிறது. வேலையற்ற தூது ஆர்.என்.ஏ.க்களில் ஒரு பகுதி, உயிரணுவுக்குள் சிறு திவலைகளாகத் திரள்கின்றன. 2003-இல் உஜ்வல் சேத், ராய் பார்க்கர் இருவரும் இத்திவலைகளில் ஆர்.என்.ஏ. அழிக்கப்படுவதைக் காட்டினார்கள். ஆனால் அங்கே போனவையெல்லாம் அழிவதில்லை. மீண்டும் வேலைக்குத் திரும்புவனவும் உண்டு என்பது 2005-இல் தெரியவந்தது.

வெப்பத்தில் இடர் வேறு வகையானது. பாதி மடிந்த புரதங்கள் வெப்பத்தால் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்நேரத்தில் புதிய புரதங்களைக் கோத்துத் தள்ளினால் குழப்பம் மிகும். ஆகவே தொடக்கத்தை நிறுத்துவதே நலம். பி.ஏ.பி.1, டி.இ.டி.1 முதலிய புரதங்கள் வெப்பம் ஏறியதும் கரைநிலையை விட்டுத் திரண்டுவிடுகின்றன. இவை புரதத் தொடக்கத்துக்குத் துணை நிற்பவை. அவை திரண்டதும் பொதுவேலை தளர்கிறது. நீண்ட, சிக்கலான தலைப்புப் பகுதி உடைய அன்றாடச் செய்திகளே பெரிதும் நிற்கின்றன. இடர் காக்கும் செய்திகளுக்குத் தலைப்பு எளியது. அவை தொடர்ந்து படிக்கப்படுகின்றன. அவ்வாறு உண்டாகும் காவற்புரதங்களுள் எச்.எஸ்.பி.104 ஒன்று. வெப்பம் தணிந்ததும் இதுவும் இதன் தோழர்களும் திரளைகளைப் பிரித்து, பழைய புரதங்களை வேலைக்கு அனுப்புகின்றன. என் குடுவையில் அந்த மூன்று மணி நேரத்தில் நடந்தது இதுவே.

37 பாகையில் சிறிது நேரம் பழகிய ஈஸ்ட், பின்னர் 50 பாகையையும் தாங்கும். எச்.எஸ்.பி.104 இல்லாத ஈஸ்ட்டுக்கு அப்பழக்கம் அவ்வளவாகப் பயன்படாது என்று சாஞ்செஸ், லிண்ட்க்விஸ்ட் இருவரும் 1990-இல் நிறுவினார்கள்.

காசியில் பயின்ற ஒருவர்

இங்கே வடநாட்டில் பயிலும் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து, மான்ட்ரியாலில் ஒரு மருந்து பிரிக்கப்பட்டது, 1975-இல் வெளியிடப்பட்டது. தீவின் பழம்பெயரான ராப்பா நூயியை வைத்து அதற்கு ராப்பமைசின் என்று பெயரிட்டார்கள். அந்த ஆராய்ச்சியின் முதுகெலும்பாக இருந்த சுரேந்திரநாத் ஸேகல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயின்றவர். 1991-இல் பேஸல் நகரில் ஹைட்மன், மூவ்வா, ஹால் ஆகியோர் அம்மருந்து ஈஸ்ட்டில் எதைத் தாக்குகிறது என்று தேடி, டார் என்னும் புரதத்தைக் கண்டனர். உணவு நிறைந்திருக்கிறதா என்று அறிந்து, ரைபோசோம் செய்யும் பெருவேலையை முடுக்கிவிடும் மேலாளர் இதுவே. பட்டினியில் இது அடங்கும்; அடங்கவே புதிய ரைபோசோம் செய்வதும் நின்றுபோம். பின்பு நம் உடலிலும் இதே புரதம் இருப்பது தெரிந்தது. ராப்பமைசின், சிறுநீரகம் மாற்றப்பெற்றவர்களுக்கு மருந்தாக 1999-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

வரவு என்ன?

தந்தையாரின் கேள்விக்கு இப்பொழுது வருகிறேன். கொல்லர் என்று நான் கூறிய தொடக்கக் காரணி 2-பி நமக்கும் உண்டு. குழந்தைகளின் மூளையில் வெண்பொருள் சிறிது சிறிதாக மறையும் ஒரு கொடிய மரபுநோய் இருக்கிறது. நன்றாக ஓடியாடும் குழந்தைக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் வரும், அல்லது தலையில் சிறு அடி படும். அதன்பின் நடை தளர்ந்து நிலை சரியும். காய்ச்சலுக்கும் இந்தச் சரிவுக்கும் என்ன தொடர்பு என்று மருத்துவர்கள் திகைத்தார்கள். நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் காரணத்தைக் கண்டார்கள்: அந்தக் கொல்லரின் மரபணுவில் பழுது. இடர் வந்த நேரத்தில் புரதத் தொடக்கத்தைச் சரியாக ஆளும் உறுப்பிலேயே குறை. கொல்லர் எப்படி வேலை செய்கிறார் என்பது அதற்கு முன்பே ஈஸ்ட்டில் விளங்கியிருந்ததால், குழந்தைகளிடம் கண்ட பழுதுகளை ஈஸ்ட்டில் இட்டுச் சோதிக்கவும் முடிந்தது. நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அதைத் தெரிவித்தது ஆப்பமாவில் போடும் ஈஸ்ட்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இவ்வளவையும் கடையில் உட்கார்ந்து தந்தையாரிடம் சொன்னேன். அவர் இடையிடையே சாமான் கட்டிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். புயல் உவமை அவருக்குப் பிடித்திருந்தது. குழந்தைகளின் நோயைச் சொன்னபோது கட்டுவதை நிறுத்திவிட்டார். சிறிது நேரம் கழித்து, "சரி, இனிமே நின்னு போனத எல்லாம் செத்துப் போச்சுன்னு கொட்டிர மாட்டியே?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "அப்பம் படி" என்றார்.

செய்து பார்க்க

முடிக்கும் முன் ஒரு சிறு சோதனை. ஆய்வகம் வேண்டா, விடுதிச் சமையலறை போதும். கடையில் விற்கும் உலர்ந்த ஈஸ்ட் பொட்டலம் ஒன்று வாங்குங்கள். பல மாதங்களாக நீரின்றி, உணவின்றி, புரதம் ஏதும் செய்யாமல் அதில் உயிரணுக்கள் நிற்கின்றன. இரண்டு குவளைகளில் ஒவ்வொரு கரண்டி ஈஸ்ட் இடுங்கள். ஒன்றில் வெதுவெதுப்பான நீரும் ஒரு கரண்டிச் சருக்கரையும் சேருங்கள். மற்றதில் கொதிக்கும் நீரை ஊற்றி ஆறவிட்டு, பிறகு அதே அளவு சருக்கரை இடுங்கள். கால்மணி அல்லது அரைமணி நேரத்தில் முதற்குவளை நுரைத்து எழும். இரண்டாவது எழாது. பொட்டலத்தில் இருந்தபோது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. எது நின்றது, எது இறந்தது என்பதை வெறும் பார்வையால் அறிய முடியாது. சருக்கரை இட்டுக் காத்திருந்துதான் அறிய வேண்டும்.

இச்சோதனையில் ஐயம் எழுந்தாலோ, நான் சொன்ன மலைத்தொடரைக் காண விரும்பினாலோ, மன்ற அன்பர்கள் சனிக்கிழமை மாலை எங்கள் ஆய்வகத்துக்கு வரலாம். கோடு போட்ட ஏழாம் பக்கத்தையும் காட்டுகிறேன்.